ஆய்வகமும் அடுக்களையும்

உயிரியல் முதுநிலை மாணவர்க்குரிய ஆய்வகப் பயிற்சியை விளக்கத் தமிழில் சொல் இல்லை என்பர் ஒரு சாரார். ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பெயர்த்தால் போதும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தா.

'கல்ச்சர்' என்பதனைக் காண்க. அகராதியை மட்டும் நம்புவோர் அதனைப் 'பண்பாடு' என்பர். நுண்ணுயிர்க்குப் பண்பாடு ஏது? தட்டில் நிகழ்வது வளர்ப்பு. 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் நிப்பா நச்சுயிரியைப் பிரித்தறிந்ததும் உயிரணு வளர்ப்பினாலன்றோ?

ஊட்டத்தில் சிறிது உயிரியை இடுதல், பாலில் உறைமோர் இடுதல் போன்றது. 'உறையிடுதல்' என்றால் மாணவன் கை அறியும். சுழற்றிய குழாயில் மேல் நிற்பது தெளிவு, கீழ்ப் படிவது மண்டி. இரசம் வைக்கும் வீட்டில் இவற்றுக்கு உரை வேண்டுமோ?

அடுக்களைச் சொல் ஆய்வகத்திற்கு இழுக்கெனின், 'அகர்' மலாய்ச் சொல்லே. 1881இல் இராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பயின்ற வால்தர் ஹெஸ்ஸே, வெப்பத்தில் உருகும் ஜெலட்டினால் இடருற்றார். சமையலில் அகரைக் கையாண்ட மனைவி ஃபேனியே வழி காட்டினார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நம் பிள்ளைகள் சுவைக்கும் அகர்-அகரே உலக ஆய்வகங்களின் தட்டுகளை நிரப்பிற்று.

ஒன்று மறவற்க. உறைமோரில் பலவகை உயிரிகள் உண்டு. ஆய்வகத்தில் பெரும்பாலும் ஓரினமே வேண்டும். ஆதலின் ஆசிரியர் பழஞ்சொல்லுடன் அதன் வரையறையையும் தருதல் வேண்டும். கையின் தொழிலைக் கண்டபின் சொல்லை ஆக்குக; சொல்லை ஆக்கியபின் தொழிலைத் தேடற்க.