கல்லாற்றில் தொடங்க வேண்டிய பாடம்

தலைமையாசிரியர் கையெழுத்திடும் கடிதத்தில் ‘புவியியல் களப்பயணம்’ என்று இருக்கும். பிள்ளைகளைக் கேட்டால் ‘ஊட்டி டூர்’ என்பார்கள். பெரும்பாலும் பிள்ளைகள் சொல்வதுதான் சரி. இரவு பஸ் ஏறுகிறார்கள்; விடியுமுன் தூக்கக் கலக்கத்தில் மலை ஏறிவிடுகிறார்கள். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, சாக்லேட் கடை, மறுபடி இரவு பஸ். இதில் புவியியல் எவ்வளவு?

என் முதல் குற்றச்சாட்டு அந்த விடியுமுன் ஏற்றத்தின் மேல்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர்; உதகை 2,200 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். கல்லாற்றில் பாக்குத் தோப்பு, பர்லியாறில் ஜாதிக்காயும் மங்குஸ்தானும், குன்னூரில் தேயிலை, கேத்திப் பள்ளத்தாக்கின் படிவயல்களில் கேரட். உயரம் கூடக் கூடத் தாவரம் மாறும் என்று வகுப்பில் ஒரு வாரம் நடத்துவதை, பஸ் சன்னலோரம் உட்கார்ந்தவன் மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குளிர்கிறது என்பதைச் சரிபார்க்க ஒரு தெர்மாமீட்டர் போதும். காற்றழுத்தத்துக்கு அதுவும் வேண்டாம்: அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூரில் உப்பி நிற்கும். இவ்வளவும் இருட்டில் கடந்துபோகிறது.

மேலே போனபின் நடப்பது இன்னும் மோசம். படகு விடும் ஏரி 1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்துக் கட்டியது. சினிமா எடுக்கிற பைன் காடும், தைலமரமும், சீகையும் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நீலகிரியின் சொந்த முகம் மேடுகளில் புல்வெளி, ஈரம் தங்கும் மடிப்புகளில் சோலைக்காடு. அதன் முன்னால் பஸ் நிற்பதே இல்லை. தோட்டப் பயிர்க்காட்டின் நடுவே நின்று ‘இயற்கை எழில்’ என்று கட்டுரை எழுதும் மாணவனுக்கு நாம் தவறாகவே கற்பித்திருக்கிறோம்.

தொட்டபெட்டாவில் டெலஸ்கோப் வரிசை. 2,637 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, மேற்கே கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைவதையும், கிழக்கே குன்னூர், கோத்தகிரி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பதையும் ஒரு வார்த்தை சொல்ல ஆசிரியருக்கு நேரமில்லை. கீழே இறங்குகையில் மரப்பாலம் என்ற இடத்தைத் தாண்டுகிறார்கள். 1993 நவம்பரில் அங்கே மலை சரிந்தது. 2009 நவம்பரில் மாவட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டும் ஏன் நவம்பர் என்ற ஒரு கேள்வி போதும். மழை, சரிவு, மண், சாலை வெட்டு எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். டெல்டாவில் பிறந்து ஒரு மேட்டைக்கூடப் பார்க்காத பிள்ளைக்கு, மே மாதத்தில் சுவெட்டர் போடுவதே பெரிய பாடம். அதை நான் மறுக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் நாற்பது பிள்ளைகளை இறக்கிவிட எந்த ஆசிரியரும் துணியமாட்டார், துணியவும் கூடாது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு 1 அடி ஏறும் பல்சக்கர ரயிலில் ஒரு வகுப்புக்கே டிக்கெட் கிடைப்பது லேசல்ல. விடுதிச் செலவை மிச்சப்படுத்தத்தான் இரவுப் பயணம் என்பதும் தெரியும். நானும் அப்படி அழைத்துப் போனவன்தான். திரும்பி வந்தபின் என் மாணவர்களின் நோட்டில் இருந்தது பூக்களின் பெயர்ப் பட்டியல்.

ஆனால் நான் கேட்பது கூடுதல் பணம் அல்ல. படகை விட்டுவிடலாம், ஒரு மணி நேரம் மிச்சம். டெலஸ்கோப்புக்குப் பதில் ஒரு சோலையின் ஓரத்தில் அரை மணி. கட்டுரைக்குப் பதில், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை ஒரு குறுக்குவெட்டுப் படம்: உயரம், வெப்பம், பயிர். பார்க்காதவன் அதை வரைய முடியாது.

சுற்றுலா என்ற அளவில் இந்தப் பயணம் நன்றாகவே தேறுகிறது. புவியியல் களப்பயணம் என்ற பெயரில் தேறவில்லை. அடுத்த முறை பஸ் பேசும்போது, கல்லாற்றைக் காலை ஏழு மணிக்குத் தாண்டும்படி நேரம் குறியுங்கள்.