தோழி கண்ட நோய்: 'தீர்ப்பாரை' பதிகம் பற்றி ஒரு குறிப்பு

"அன்பு நோயைக் குணமாக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கேட்கத் தோன்றும்: யாருடைய அன்பு, எந்த நோய்? இதைச் சரியாகக் கேட்ட பழைய பாட்டு ஒன்று உண்டு. திருவாய்மொழி நான்காம் பத்தின் ஆறாம் பதிகம், 'தீர்ப்பாரை'. நாலாயிரத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் எங்கள் காட்டுமன்னார்கோயில். அதனால் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த பதிகம்.

பெண் மெலிந்து கிடக்கிறாள். தாய்மார் வெறியாட்டு நடத்துகிறார்கள். கள், இறைச்சி, கருஞ்சோறு, செஞ்சோறு எல்லாம் படைக்கிறார்கள். தோழி குறுக்கிடுகிறாள்: நோய் வேறு, மருந்தும் வேறு. மாயவன் பேரைச் சொல்லுங்கள், அவன் அடியார் பாதத்தூளி இடுங்கள் என்கிறாள்.

வழக்கமான விளக்கம், பெண்ணை ஆன்மாவாக்கி உடம்பைத் தாண்டிப் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெலிந்தது உடம்புதானே? இன்னொன்றும் கவனியுங்கள். தோழி சொல்லும் மருந்தில் தலைவன் நேரில் வருவதில்லை. அவனை நேசிப்பவர்கள்தான் வருகிறார்கள்.

எங்க ஆயா ஞாபகம் வருது. தாத்தா போன பிறகு சோறு இறங்கலை. மந்திரிச்சோம், தாயத்து கட்டினோம், சிதம்பரம் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணும் தெரியலை. தாத்தா பேரை எடுத்தா அழுவாங்கன்னு வீட்டுல யாருமே எடுக்கலை. பக்கத்து வீட்டு அக்காதான் சாயங்காலமானா வந்து உட்கார்ந்து, "உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு என்ன பண்ணாரு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. ஆயா அழுதாங்க, சிரிச்சாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டாங்க. துக்கம் தீர்ந்துடலை. சோறு இறங்கிச்சு, அவ்வளவுதான்.

2005-இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 42 தம்பதியரின் கையில் சிறு கொப்புளக் காயம் உண்டாக்கிப் பார்த்தது. ஆதரவாகப் பேசிய பிறகு ஆறியதைவிட, சச்சரவைப் பேசிய பிறகு காயம் மெதுவாக ஆறியது. பகைமை மிகுந்த தம்பதியருக்கு ஆறும் வேகம் மற்றவர்களுடையதில் 60 சதவீதம்தான். ஆக, உறவு இருந்தால் மட்டும் போதாது. அது எப்படிப்பட்டது என்பது புண்ணுக்கும் தெரிகிறது.

அன்பு மருந்துக்கு மாற்று என்று இதைப் படிக்கக் கூடாது. ஸ்கேன் எடுத்தது தப்பில்லை. தாத்தா பேரை எடுக்காமல் இருந்தோமே, அதுதான் தப்பு. தோழி அந்தத் தாய்மாரை மட்டுமா தடுக்கிறாள்? எங்களையும்தான்.