ஒரு படம், பல பதிப்புகள்: 1950களின் திரைப்படங்களும் இல்லக் காணொளியும்

1950களில் எடுக்கப்பட்ட ஒரு திரைப்படத்தை மீண்டும் பார்க்க விரும்பியவர், திரையரங்கோ திரைப்படச் சங்கமோ தொலைக்காட்சி நிலையமோ அதைக் காட்டும் நாள்வரை காத்திருக்க வேண்டிய நிலை 1970களின் நடுப்பகுதிவரை நீடித்தது, 16 மி.மீ. படியும் அதற்குரிய புரொஜெக்டரும் வாங்கும் வசதி படைத்த சிலரே இதற்கு விதிவிலக்கு. 1975இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமாக்ஸ், 1976இல் ஜேவிசி நிறுவனத்தின் வி.எச்.எஸ். ஆகிய ஒளிநாடாக்கள் அறிமுகமாயின. 1977இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேக்னெடிக் வீடியோ என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ஆந்த்ரே பிளே, டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடமிருந்து 50 படங்களின் உரிமையைப் பெற்று அவற்றை நாடாக்களாக விற்கத் தொடங்கினார். பார்த்துவிட்டு எழுந்துபோகும் நிகழ்ச்சியாக இருந்த திரைப்படம், வாங்கி அலமாரியில் அடுக்கிவைத்து வேண்டியபோது எடுத்துப் பார்க்கும் பொருளாக அப்போதுதான் மாறியது.

இந்த மாற்றத்தை ஆராய்ந்தவர்களின் கவனம் பெரும்பாலும் பார்வையாளர் பக்கமே சென்றது. சார்லஸ் டாஷிரோ 1991இல் எழுதிய கட்டுரை திரையரங்க அனுபவத்துக்கும் காணொளி அனுபவத்துக்கும் இடையிலான தொழில்நுட்ப வேறுபாடுகளை எடுத்துக்கொண்டது. 2006இல் வெளியான நூலில் பார்பரா கிளிங்கர், ஒரே படத்தை வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்போரின் பழக்கங்களை விரிவாக விளக்கினார். அதே ஆண்டில் லாரா மல்வி, படத்தை நிறுத்தியும் பின்னோக்கி ஓட்டியும் பார்க்கும் வசதி சிந்திக்கும் பார்வையாளரை உருவாக்குவதாக வாதிட்டார். லூகாஸ் ஹில்டர்பிராண்ட் 2009இல் நாடாவின் தேய்மானத்தையும் திருட்டுப் படிகளின் வரலாற்றையும் எழுதினார். இவை யாவும் மதிப்புள்ள பணிகளே. எனினும், பார்க்கப்படும் பொருள் எது, அலமாரியில் இருக்கும் வட்டு 1950களில் திரையிடப்பட்ட படம்தானா என்ற கேள்வி இவற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பு மரபில் பயின்ற தமிழ் வாசகருக்கு இக்கேள்வி புதிதன்று. நாடாவோ வட்டோ எதுவாயினும், அது யாரோ சிலர் சட்டகம், நிறம், ஒலி, நீளம் ஆகியவற்றைத் தீர்மானித்து உருவாக்கிய ஒரு பதிப்பு. அவ்வகையில், சேகரிப்பாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஒப்பீட்டைத் திரைப்படப் பதிப்பியல் என்றே அழைக்கலாம்.

இப்பதிப்புச் சிக்கல்களில் முதன்மையானது சட்டகம். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1953க்கு முன் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் 1.37:1 என்றே இருந்தது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் 4:3 விகிதமும் இதை ஒட்டியதே. 1953இல் ‘தி ரோப்’ படத்துடன் அறிமுகமான சினிமாஸ்கோப், அவ்விகிதத்தை முதலில் 2.55:1 ஆகவும் பின்னர் 2.35:1 ஆகவும் விரித்தது. அவ்வளவு அகன்ற படத்தைப் பெட்டிக்குள் அடக்க, பக்கங்களை வெட்டி, உரையாடுபவர்களை நோக்கிச் சட்டகத்தை இடமும் வலமும் நகர்த்தும் முறை தொலைக்காட்சியிலும் ஒளிநாடாவிலும் கையாளப்பட்டது. படத்தில் ஏறத்தாழ பாதி இதனால் மறைந்தது. ஒளிப்பதிவாளர் வைக்காத வெட்டுகளும் கேமரா அசைவுகளும் புதிதாக நுழைந்தன. 1984இல் ‘சிட்டிசன் கேன்’, ‘கிங்காங்’ ஆகிய படங்களை லேசர் டிஸ்க் எனப்படும் பெரிய ஒளித்தட்டில் வெளியிட்டுத் தொடங்கிய கிரைட்டீரியன் நிறுவனம், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளை விட்டு முழு அகலத்தையும் காட்டும் வழக்கத்தை வளர்த்தது. ‘கிங்காங்’ தட்டில் திரைப்பட வரலாற்றாளர் ரொனால்ட் ஹேவர் பேசிய விளக்கம் தனி ஒலித்தடத்தில் இடம்பெற்றிருந்தது. படத்துக்கு உரை எழுதும் மரபின் தொடக்கம் என்று அதைக் கருதலாம்.

சினிமாஸ்கோப் படங்களின் சரியான வடிவத்தைப் பற்றி ஐயம் எழ இடமில்லை. உண்மையான சிக்கல், அகலத்திரை பரவிய அதே காலத்தில் சாதாரண லென்ஸால் எடுக்கப்பட்ட படங்களில்தான் இருக்கிறது. ‘ஷேன்’ 1.37:1 விகிதத்தை மனத்தில்கொண்டு எடுக்கப்பட்டது. ஆனால் 1953இல் வெளியானபோது, புதிய அகலத்திரை மோகத்துக்கு ஏற்ப மேலும் கீழும் மறைக்கப்பட்டு 1.66:1 விகிதத்தில் காட்டப்பட்டது. 2013இல் அதன் புளூ-ரே, அதாவது டிவிடிக்கு அடுத்த தலைமுறை உயர்தெளிவு வட்டு, 1.66:1 வடிவில் வரவிருப்பதாக அறிவிக்கப்பட்டதும் ஆர்வலர்கள் கடுமையாக எதிர்த்தனர். வெளியீட்டாளர் முடிவை மாற்றி 1.37:1 வடிவையே வெளியிட்டார். அதே ஆண்டில் கிரைட்டீரியன், 1954ஆம் ஆண்டுப் படமான ‘ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்’டை 1.66, 1.85, 1.33 என்ற மூன்று விகிதங்களிலும் ஒரே தொகுப்பில் கொடுத்தது. சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில் எல்லாப் பாடங்களையும் வாசகர்முன் வைப்பதே நேர்மையான பதிப்பு முறை.

இம்முறை முழுமையாகக் கைகூடிய படம் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’. 1958இல் ஸ்டுடியோ அதைச் சுருக்கி, வேறொருவர் எடுத்த காட்சிகளையும் சேர்த்து, ஏறத்தாழ 95 நிமிடப் படமாக வெளியிட்டது; அதற்குமுன் முன்னோட்டத்துக்குத் தயாரித்த நீண்ட வடிவம் 1970களில் கிடைத்தது. வெல்ஸ் தம் ஆட்சேபங்களை விளக்கி ஸ்டுடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வழிகாட்டியாகக் கொண்டு, தயாரிப்பாளர் ரிக் ஷ்மிட்லினும் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச்சும் 1998இல் ஒரு மீட்டுருவாக்கத்தைச் செய்தனர். புகழ்பெற்ற தொடக்க நீள்காட்சியின்மீது ஓடிய எழுத்துகளும் ஹென்றி மான்சினியின் இசையும் அதில் அகற்றப்பட்டு, தெருவின் ஒலிகள் மட்டும் கேட்கின்றன. 2011இல் பிரிட்டனில் வெளிவந்த புளூ-ரே, இவ்வடிவங்களை இருவேறு சட்டக விகிதங்களோடு தொகுத்துத் தந்தது. ஒன்றை அடுத்து மற்றொன்றாக இவற்றைப் பார்ப்பவர், எந்தெந்த வெட்டுகளால் ஒரு காட்சியின் பொருள் திரிகிறது என்பதைக் கண்கூடாக அறிகிறார். மீண்டும் பார்ப்பதன் பயன் நினைவை இனிமையாக்குவது மட்டுமன்று என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

நிறத்தையும் ஒலியையும் பற்றிய தகராறுகளும் இதே இயல்பினவே. 1950இல் வந்த ஈஸ்ட்மன்கலர் சுருள் மலிவானது. ஆனால் அதன் சாயங்கள் மங்கும் தன்மையுடையவை. மூன்று கறுப்பு-வெள்ளை நெகடிவ்களில் நிறங்களைப் பிரித்துப் பதிந்த பழைய டெக்னிகலர் முறைக்கு அந்தக் குறை இல்லை. எனவே 1950களின் பிற்பாதிப் படங்களுக்கு ‘மூல நிறம்’ என்பது பெரும்பாலும் ஊகித்து மீட்கவேண்டிய ஒன்றாகவே உள்ளது. படச்சுருளின் இயல்பான மணிகளை மென்பொருளால் துடைத்தெடுக்கும் வழக்கம் வேறொரு தீங்கு. 2010இல் வந்த ‘ஸ்பார்ட்டகஸ்’ புளூ-ரேயில் முகங்கள் மெழுகுபோல் தெரிந்ததைப் பலரும் கண்டித்தனர், 2015இல் புதிய மீட்டெடுப்புக்குப் பின்னரே அக்குறை தீர்ந்தது. 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் ‘வெர்டிகோ’வை மீட்டபோது, காலடி ஓசை போன்ற ஒலிகளைப் புதிதாகப் பதிவுசெய்து சேர்த்தனர், பின்னர் வந்த வட்டுகளில் 1958இன் ஒற்றைத்தட ஒலியும் மீண்டும் இடம்பெற்றது. புதுக்கியவர் தம் தலையீட்டை மறைக்காமல் பழையதையும் உடன் தரவேண்டும் என்ற நியதி இத்தகைய விவாதங்களால்தான் உறுதிப்பட்டது.

மூலமே அழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்குச் சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் விடை. ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) ஆகியவற்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் கருகின. எஞ்சியவற்றை அமெரிக்கத் திரைப்பட அகாதமியின் ஆவணக்காப்பகம் எறியாமல் பாதுகாத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் போலோனியா நகரிலுள்ள மீட்டெடுப்பு நிலையத்தில், உலர்ந்து வளைந்த அச்சுருளுக்கு ஈரப்பதம் ஊட்டி, உருகிய ஒட்டுகளை அகற்றி, ஓரத் துளைகளைக் கையாலேயே சீரமைத்தனர். ‘பதேர் பாஞ்சாலி’ நெகடிவில் ஏறத்தாழ 40 விழுக்காடும் ‘அபராஜிதோ’வில் 60 விழுக்காட்டுக்கு மேலும் பயன்பட்டன, மற்றப் பகுதிகள் வேறு படிகளிலிருந்து நிரப்பப்பட்டன. 2015இல் வெளிவந்த அவ்வடிவம் வட்டாகவும் கிடைக்கிறது. இன்று வீட்டில் அதைப் பார்ப்பவர், பல படிகளைக் கொண்டு ஒட்டுவைத்து நிறுவிய செம்பதிப்பைப் பார்க்கிறார்.

இத்தகைய உழைப்பு தமிழ்ப் படங்களுக்கு அரிதாகவே வாய்த்திருக்கிறது. தமிழகத்தில் பழைய படங்கள் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது விசிடி வழியாகத்தான்: 352×288 புள்ளிகள் மட்டுமே கொண்ட படம், இரண்டு அல்லது மூன்று வட்டுகளில். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, ஒரு தலைமுறை முழுவதும் சிவாஜி, எம்.ஜி.ஆர். படங்களைச் சொந்தமாக வாங்க முடிந்தது. அந்த எளிமை பாராட்டத்தக்கது. ஆயினும் அக்காலத்துத் தமிழ் வட்டுகள் பலவற்றில் நிறுவன முத்திரை படத்தின் மூலையிலேயே பதிந்திருக்கும், பாடல்கள் விடுபட்டிருக்கும், எந்தப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஒரு வரிகூட இராது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகளில் முடிவதால், 1948ஆம் ஆண்டின் ‘சந்திரலேகா’, 1954ஆம் ஆண்டின் ‘அந்த நாள்’ போன்றவற்றின் உரிமைக்காலம் கடந்துவிட்டது. அவற்றை வெளியிடச் சட்டத்தடை குறைந்திருந்தும், நல்ல மூலப்படியைத் தேடிச் செலவிடும் பதிப்பாளரைத்தான் காணோம்.

2012இல் ‘கர்ணன்’ மெருகேற்றப்பட்டுத் திரையரங்குகளில் நூறு நாள் கடந்து ஓடியது ஆர்வம் குன்றவில்லை என்பதைக் காட்டியது. அதைத் தொடர்ந்த மறுவெளியீடுகள் சிலவற்றில் பழைய படங்கள் சினிமாஸ்கோப்பாக ‘உயர்த்தப்பட்டன’ என்பது வருந்தத்தக்கது. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’; அதற்கு முந்தியவை அகலத்திரைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. 1.37:1 சட்டகத்தை 2.35:1 ஆக்கினால் மேலும் கீழுமாக 40 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். கிரீடத்தின் உச்சியும் நடனத்தில் பாதமும் வெளியே தள்ளப்படுகின்றன. ஹாலிவுட் படங்களின் பக்கங்களை அன்றைய ஒளிநாடா வெட்டிய அதே பிழை, இங்கே உயரத்தில் நடக்கிறது.

தமிழ்ச் சேகரிப்பாளரிடம் இப்பிழைகளைக் கண்டறியும் கருவிகள் இல்லாமலில்லை. திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், வட்டில் எப்பாடல் விடுபட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கதை-வசன இசைத்தட்டு, சிதைந்த உரையாடலைச் சரிபார்க்க உதவும். படத்தின் தொடக்கத்தில் தோன்றும் தணிக்கைச் சான்றிதழ் இவ்விரண்டையும்விடத் துல்லியமான கருவி. பலரும் ஓட்டித் தள்ளிவிடும் அந்தச் சில நொடிகளில் படத்தின் நீளம் எழுதப்பட்டிருக்கும். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்பதால், 16,200 அடி என்றிருந்தால் அது 180 நிமிடப் படம். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடவேண்டிய படம், இந்தியாவில் வழங்கிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறையில் 25 சட்டகங்களாக விரைவுபடுத்தப்பட்டிருந்தால், 173 நிமிடங்களில் முடிந்துவிடும்; பாடல்களின் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவான அளவு உயர்ந்து ஒலிக்கும், இசைத்தட்டோடு ஒத்துக் கேட்போர் அதை உடனே உணர்வர். வட்டு அந்த 173 நிமிடங்களுக்கும் குறைவாக ஓடுமானால், எஞ்சிய காட்சிகளை வேறொரு நாடாவிலோ வேறொரு நிறுவனத்தின் வட்டிலோ தேடவேண்டியதுதான்.