கோடு நிரம்பும் வரை

நியூயார்க்கில் ஏழாவது அவென்யூவும் 57ஆவது தெருவும் சந்திக்கும் முனையில் நிற்கிற கார்னகி ஹாலைக் காட்டினால், ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கைகூப்பாத குறையாக நின்றுவிடுவார்கள். எம்.எஸ். பாடிய மேடை. என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கு இன்னொரு பாடகியின் நினைவும் சேர்ந்தே வந்தது. 1997 டிசம்பர் 24 இரவு, இதே அரங்கில், மெலிசா பியர்ஸ் என்ற ஓபரா பாடகி குரலை உயர்த்துகிறாள். மேடையில் இருப்பவர்களும் கேட்க வந்தவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே தீப்பற்றி எரிகிறார்கள். ஒருத்தி மட்டும் எரியாமல் எழுந்து மேடையை நோக்கி ஓடுகிறாள். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1998 மார்ச்சில் வெளியிட்ட ‘பாரசைட் ஈவ்’ என்ற வீடியோ கேம் இப்படித்தான் தொடங்குகிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் அது அமெரிக்காவுக்கு வந்தது. ஐரோப்பாவில் வெளியாகவே இல்லை. எனக்குக் கிடைத்தது பல வருஷம் கழித்து, பழைய கேம் விற்கும் கடையொன்றில், கீறல் விழுந்த இரண்டு தட்டுகளாக. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறை என்றால் இந்த ஆறு நாள் கதைதான். நான் நியூஜெர்சியில் எடிசன், அக்கா கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட், தம்பி டெக்சாஸில் பிளேனோ. வீடியோ அழைப்பைப் போட்டுக்கொண்டு மூன்று வீடும் ஒன்றாக உட்காருவோம். மூன்று பேரும் இந்த கேமைப் பற்றி ஒரே கருத்துக்கு வந்ததே கிடையாது.

தம்பியின் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், நியாயம் அதிகம் இருப்பது அதில்தான். “துப்பாக்கியைக் கையில குடுத்துட்டு, சுடாம நில்லுன்னா என்னண்ணே அர்த்தம்?” டெக்சாஸ்காரனுக்குத் துப்பாக்கி கேம் புதிதில்லை. 1993இல் ‘டூம்’ உருவான மெஸ்கீட், அவன் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அங்கே பொத்தானை அழுத்தினால் குண்டு பாயும். இங்கே நாயகி ஆயா பிரேயா, நியூயார்க் போலீஸில் புதிதாகச் சேர்ந்தவள், தோல் பிளந்து உருமாறிய எலியின் எதிரே துப்பாக்கியோடு நிற்கிறாள். அழுத்தினால் சுட மாட்டாள். திரையில் ஒரு கோடு மெல்ல நிரம்ப வேண்டும். நிரம்பும் வரை ஓடலாம், ஒதுங்கலாம், எலி துப்புவதிலிருந்து விலகலாம். அடிக்க முடியாது. நிரம்பியதும் அழுத்தினால் எல்லாம் உறைந்து நிற்கும். கம்பியால் பின்னிக் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளையம் அவளைச் சுற்றி விரியும். அதற்குள் அகப்பட்டவற்றில் எதைச் சுடுவது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். சில குண்டுகள். பிறகு கோடு மறுபடி காலி.

ரோல் பிளேயிங் கேம் ஆடியவர்களுக்கு இந்தக் கோடு பழகியதுதான். ‘ஃபைனல் ஃபேண்டஸி’யில் அது நிரம்பும் வரை வீரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். அந்தத் தொடரைப் படைத்த ஹிரோனோபு சகாகுச்சிதான் இதற்கும் தயாரிப்பாளர். ஏழாவது ‘ஃபைனல் ஃபேண்டஸி’க்கு அவர் முதலில் யோசித்த நியூயார்க் துப்பறியும் கதை அங்கே இடம்பெறாமல் இங்கே வந்து சேர்ந்தது. இயக்குநர் தகாஷி தொகிதா. அவர்கள் செய்த மாற்றம் சின்னது: வரிசையைக் கலைத்து, காத்திருக்கிறவளுக்குக் கால் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஆனால் பயம் பிறக்கும் இடமே அது. இருட்டில் கிணற்றடியைத் தாண்டி ஓடிய பிள்ளைக்குத் தெரியும், பயம் இருப்பது பேயிடம் அல்ல, பேய்க்கும் வாசற்படிக்கும் நடுவே உள்ள தூரத்தில். இந்த கேம் அந்தத் தூரத்தை ஒரு கோடாக வரைந்து நம் கண்முன்னே வைத்திருக்கிறது.

மந்திரத்துக்குப் பதிலாக ஆயாவின் செல்களே சக்தி தருகின்றன. காயம் ஆறும், எதிரி தளர்வான். ஒரே சண்டையில் அதை எடுக்க எடுக்க, ஊறி வருவது மெதுவாகிக்கொண்டே போகும். கோடைக் கிணறு மாதிரி.

தம்பியும் வாயடைத்துப்போகிற பகுதி ஒன்று உண்டு: துப்பாக்கியைத் தேற்றுவது. ஒரு துப்பாக்கியின் குணத்தை, உதாரணத்துக்கு ஒரே தடவையில் இரண்டு முறை சுடுவதை, இன்னொன்றுக்கு மாற்றலாம். கொடுத்த துப்பாக்கி அதோடு போய்விடும். மணிக்கணக்கில் அவன் இதிலேயே உட்கார்ந்திருப்பான். எத்தனையோ டிசம்பர்கள் கழித்துத்தான் எனக்கு இது உறைத்தது. கதையே உறுப்பு மாற்றத்தைப் பற்றியது. ஆயாவின் கண்ணில் இருப்பது இறந்துபோன அக்கா மாயாவின் கருவிழி. மெலிசாவின் உடம்பில் மாயாவின் சிறுநீரகம். ஒருத்தியின் சாவில் இரண்டு பேர் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, மெலிசா, ஆட்களை எரிக்கும் ஈவ் ஆகிறாள்; மற்றவள், ஆயா, அவளை எதிர்க்கிறாள். கதையில் நடக்கும் அதே காரியத்தை ஆடுகிறவன் ஒவ்வொரு இரவும் துப்பாக்கிகளை வைத்துத் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறான். திட்டமிட்டுச் செய்தார்களோ தானாக அமைந்ததோ, கதையும் கைவேலையும் இப்படிப் பொருந்தி வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

அக்காவின் கோபம் வேறு. அவர் பயோடெக் துறையில் இருப்பவர். கேமின் விதை, ஹிதேஆகி சேனா எழுதி 1995இல் ஜப்பானின் திகில் நாவல் விருதைப் பெற்ற அதே பெயருடைய நாவல். எழுதும்போது சேனா மருந்தியல் ஆராய்ச்சி மாணவர். நம் செல்லுக்குள் இருந்துகொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் தனி உயிராக இருந்து உள்ளே புகுந்தது என்பது அறிவியல் ஏற்றுக்கொண்ட செய்தி. அது ஒருநாள் விழித்து எஜமானனை எதிர்த்தால் என்ன ஆகும் என்பது சேனாவின் கற்பனை. “முப்பத்தேழு ஜீனை வச்சுக்கிட்டு அது என்னடா கலகம் பண்ணும்?” என்பார் அக்கா. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேலான புரதங்களில் 13க்கு மட்டுமே குறிப்பு அதனிடம் இருக்கிறது. மீதி எல்லாவற்றுக்கும் செல்லின் உட்கருவைத்தான் அது நம்பியிருக்க வேண்டும். அரிசிப் பானை வீட்டுக்காரர் அறையில் இருக்கும்போது குடியிருப்பவர் எத்தனை நாள் சண்டை போட முடியும்? அக்கா சொல்வது சரி.

ஆனால் ஈவ் என்ற பெயர் வந்த வழியைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். ஃப்ரீமாண்டில் பார்ட் ரயில் ஏறினால் பெர்க்லி. அங்கேதான் ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை, பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1987 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. தாய் வழியாக மட்டுமே இறங்கி வரும் அந்த மரபணுவைப் பின்தொடர்ந்து போனால், சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய் நிற்கும். பத்திரிகைகள் அவளை ஈவ் என்றன. அப்பனுக்கு அதில் பங்கு இல்லை. அம்மா, அம்மாவின் அம்மா, அவளுடைய அம்மா.

நாங்கள் காரைக்குடிப் பக்கம். எங்கள் ஊரில் அப்பாவைப் பெற்றவள் அப்பத்தா. அம்மாவைப் பெற்றவளுக்குப் பெயர் ஆயா. ஜப்பானியப் பெயர் ஒன்று, தன் கதைக்கு உயிரான அந்தத் தாய்வழிக் கொடியின் பெயராகவே எங்கள் வீட்டில் ஒலிக்கிறது. யாரும் நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “யாருப்பா இந்தப் பொண்ணு?” என்று கேட்டபோது “ஆயா” என்று சொன்ன எனக்கு ஒரு நிமிஷம் தொண்டை அடைத்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பாரசைட் ஈவில் அணங்கு உண்டு; ஈவ் மேடைக்கு மேலே மிதக்கும் காட்சியை வேறு எந்தச் சொல்லால் சொல்வது? விலங்கு ஏராளம். சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலை முழுவதும் உருமாறித் திரிகிறது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மூன்று கொம்பு டைனோசர் எழுந்து வருகிறது. கள்வர் செல்லுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் ஆயா அஞ்சுவது இவற்றுக்கு அல்ல. ஈவை நெருங்கும் ஒவ்வொரு முறையும் தன் உடம்பு சூடேறுவதற்கு, எதிரியின் அழைப்புக்குத் தன் செல்களே பதில் சொல்வதற்கு. தன் உடம்பே தனக்கு அந்நியமாவது அந்த நால்வகையில் எதிலும் முழுதாக அடங்கவில்லை. புற்றுநோய் வார்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

யோகோ ஷிமோமுராவின் இசை இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 1991இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’க்கு இசையமைத்தவர் அவர். இங்கே ஓபராக் குரலையும் பியானோவையும் இயந்திரத் தாளத்தையும் கலந்திருக்கிறார். மனிதக் குரல் உருகும்போது அடியில் உணர்ச்சியே இல்லாத ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும். நாம் தூங்கும்போதும் வேலை செய்யும் செல்லின் சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். பாத்திரங்களுக்குப் பேச்சுக் குரல் கிடையாது, எழுத்து மட்டுமே. அதனால் நம் காதில் விழும் மனிதக் குரல், பாடும் குரல் மட்டும்தான். குறையாகச் சொல்லப்படும் மௌனம் அந்தக் குரலைத் தனியாக நிறுத்துகிறது.

மூன்றாம் நாள் மன்ஹாட்டனில் ஆளே இல்லை. மக்களை வெளியேற்றிவிட்டார்கள். பனி விழும் தெருவில் போலீஸ் கார் ஒன்று மட்டும் நகரும். ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமானால் தொலைபேசியைத் தேட வேண்டும். யாருமில்லாத நகரத்தில் ரிசீவரை எடுத்துப் பேசுகிறாள். அந்த நேரத்தில் எனக்கு வரும் நிம்மதி வேறெந்த கேமிலும் வந்ததில்லை. நகராட்சியின் கடைசிப் பொதுத் தொலைபேசியை 2022 மே மாதம் ஏழாவது அவென்யூவில், கார்னகி ஹாலுக்கு ஏழு தெரு தள்ளி, பெயர்த்து எடுத்தபோது நான் நினைத்துக்கொண்டது ஆயாவைத்தான்.

குறைகளை மறைக்கவில்லை. அவள் நடை மந்தம், ஓடும்போதும் மந்தம். பையில் இடம் போதாமல் நல்ல பொருளைக் கீழே போட நேரும். பெரும்பாலான அறைகளில் பார்க்கவும் தொடவும் எதுவும் இல்லை. மொத்தக் கதையும் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். மந்த நடையைக்கூட ஒருவிதமாக ரசிக்கலாம். கடைசிக் கட்டத்தை மன்னிக்கவே முடியாது. நீண்ட சண்டைகளை வென்ற பிறகு, கப்பல் ஒன்றின் உள்வழிகளில் ஒரு துரத்தல். பின்னால் வருவது தொட்டால் அந்தக் கணமே சாவு, சேமிக்க வழி இல்லை. காத்திருப்பின் பயத்தை அவ்வளவு நுட்பமாகக் கட்டியவர்கள் முடிவில் மனப்பாடத்தைச் சோதித்தது எனக்கு இன்றும் வருத்தம். முடித்தவர்கள் மறுபடி தொடங்கினால் கிரைஸ்லர் கட்டடம் திறக்கும், 77 மாடி. மாடிக்கு மாடி ஒரே மாதிரி வழிகள். உச்சியில்தான் மாயாவைப் பற்றிய உண்மை இருக்கிறது. அதற்காக ஒரே ஒரு முறை ஏறினேன். தம்பி வருஷாவருஷம் ஏறுகிறான், துப்பாக்கிக்காக.

இந்த வகையில் குறையில்லாத கேம் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த ஆண்டே வந்த ‘கூடெல்கா’வில் வேல்ஸ் நாட்டுப் பாழடைந்த மடமும் பாத்திரங்களின் பேச்சும் அபாரம்; சண்டையோ கட்டம் கட்டமாக நகரும் நத்தை, ஆயுதமும் பாதியில் உடையும். திகிலும் லெவல் ஏறுவதும் அடிப்படையிலேயே பகையாளிகள். பலம் கூடக்கூடப் பயம் குறையும். கூடெல்கா ஆயுதத்தை உடைத்துப் பார்த்தது. பாரசைட் ஈவ் வேறு வழி கண்டது: ஆயாவின் பலம் கூடுகிறது என்றால் அவள் ஈவை நெருங்குகிறாள் என்று பொருள். லெவல் ஏறும் ஒலி கேட்கும்போது சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியாது.

ஈவோடு நடக்கும் கடைசி யுத்தம் சுதந்திர தேவி சிலையடியில். தீவு நியூயார்க்குடையது, சுற்றியுள்ள தண்ணீர் நியூஜெர்சியுடையது. ஆகவே எங்கள் மாநிலக் கடலில்தான் எல்லாம் முடிகிறது என்று தம்பியிடம் பெருமையாகச் சொல்வேன். ஜெர்சி சிட்டி லிபர்ட்டி பூங்காக் கரையில் நின்றால் சிலையின் முதுகுப் பக்கம் தெரியும். கேமில் காணாத பக்கம். குளிர்காலச் சாயங்காலத்தில் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் 24ஆம் தேதி ஆட்டத்தைத் தொடங்குவேன்.

போன டிசம்பரில், கல்லூரிக்குப் போகவிருக்கும் தம்பி மகள் முதல்முறையாகக் கையில் எடுத்தாள். அரங்கம் எரிந்தது, அவள் பேசவில்லை. மேடைக்குப் பின்னால் எலி உருமாறியது. பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

“பெரியப்பா, சுட மாட்டேங்கிறா!”

நான் வாயைத் திறப்பதற்குள் பிளேனோவிலிருந்து தம்பி குரல் முந்திக்கொண்டது. “அவசரப்படாதடா. கோடு நிரம்பட்டும். அதுவரைக்கும் ஓடு.”