இடித்துரையும் ஒட்டுத்துணிப் போர்வையும்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்டிர் இயற்றிய புதினங்களை ஆய்வோர், வெள்ளையர் இழைத்த கொடுமையையே பெரிதும் நோக்குவர். அக்கொடுமை உள்ளத்துட் புகுந்து தன்வெறுப்பு என்னும் நோயாதலும், அந்நோய் தீரும் வழியும் அத்துணை ஆராயத்தக்கனவே. இரு புதினங்களை ஒப்பிட்டு அவ்வழியை ஈண்டுக் காண்போம்.

டோனி மாரிசனின் 'தி புளூயெஸ்ட் ஐ' 1970இல் வெளிவந்தது. அதன்கண், பெக்கோலா என்னும் கறுப்பினச் சிறுமி நீலக் கண்களை வேண்டி ஏங்குகின்றாள். அவள் தாய், தான் பணிபுரியும் வெள்ளையர் வீட்டுக் குழந்தையைத் தேற்றுகின்றாள்; பெற்ற மகளையோ அடித்துத் துரத்துகின்றாள். முடிவில் அறிவு திரிந்த பெக்கோலாவுக்குக் கற்பனைத் தோழியே துணை. கண்கள் நீலமாயின என்னும் மயக்கத்தை அத்தோழி மறுத்திலள். பெக்கோலாவின் இழிவின்மேல் நின்றே தாம் அழகுடையோம் என மகிழ்ந்ததைக் கதை கூறும் கிளாடியா பின்னர் ஒப்புகின்றாள். ஆயின் அவ்வொப்புதல் காலங்கடந்தது. பெக்கோலாவின் செவிக்கு எட்டாதது.

ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' (1982) காட்டும் நெறி வேறு. சீலி என்பாள், அடங்காத மனைவியை அடிக்குமாறு ஹார்ப்போவுக்குக் கூறிவிடுகின்றாள். அம்மனைவியாகிய சோஃபியா நேரில் வந்து இடித்துரைக்கின்றாள். எதிர்த்து நிற்கும் ஆற்றல் தனக்கின்மையாற் பிறந்த பொறாமையே காரணம் எனச் சீலி ஒப்புகின்றாள். சினம் இரக்கமாகின்றது, இரக்கம் நகையாகின்றது. பின்னர் இருவரும் பாழான திரைச்சீலைகளைக் கொண்டு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கின்றனர். அப்போர்வைக் கோலத்தின் பெயர் 'சோதரியின் தேர்வு' என்பதாம்.

இஃது ஆடவர் கொடுமை பற்றியதேயன்றி நிறம் பற்றியதன்று எனின், அற்றன்று. கறுப்பி, ஏழை, அழகிலி, பெண் என்னும் நான்கையும் அடுக்கியே கணவன் சீலியை இகழ்கின்றான். அவள் உள்ளத்துப் படிந்த இழிவுணர்வில் இந்நான்கையும் பிரித்தல் அரிது.

எனவே, இரு நூல்களிலும் குற்றத்தை ஒப்புதல் உண்டு. கேட்க வேண்டியவள் கேட்டமையே வேறுபாடு என்க. சோதரியன்பு என்பது இன்சொல் வழங்குதல் மட்டுமன்று. ஒருவருக்கொருவர் இழைத்த தீங்கை முகத்துக்கு நேரே கூறிப் பின்னும் பிரியாதிருத்தலாகும். இது புதினத்தோடு நின்றதன்று. பெல் ஹூக்ஸ் என்பார் கறுப்பின மாணவியர் கூடித் தம் துயர் பேசும் குழுவை அமைத்தார். 1993இல் 'சிஸ்டர்ஸ் ஆஃப் தி யாம்' என அக்குழுவின் பெயராலேயே நூலும் இயற்றினார். தனிமையில் இந்நோய் தீராது என்பதே அந்நூலின் துணிபு. அத்துணிபு சாலும் என்பதற்குச் சோஃபியாவும் சீலியும் சான்றாவர்.