தலைமாட்டுக்கு வேண்டிய இருட்டு

ஜூன் 21-ஐ ஒட்டி அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடக்கும். 1906-இல் தொடங்கிய வழக்கம். இரவு பத்து, பத்தரைக்கு ஆட்டத்தை ஆரம்பித்து நள்ளிரவு தாண்டியும் ஆடுவார்கள். மைதானத்தில் ஒரு விளக்குகூடப் போடுவதில்லை. அன்றைக்கு அங்கே பகல் ஏறத்தாழ 22 மணி நேரம். மிச்சமுள்ள இரண்டு மணி நேரமும் நம் வீடுகளில் விளக்கு வைக்கிற வேளையின் வெளிச்சம் வானத்தில் நின்றுகொண்டே இருக்கும்.

அந்த ஊரில் நாங்கள் நான்கு இரவு தூங்க முயன்றது அறுபது வயதைத் தாண்டிய ஒரு கேம்பர் வண்டிக்குள். படப்பிடிப்புக்கு வந்து நிற்கும் கேரவன் நமக்குத் தெரியும். இது அதைவிடச் சிறியது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற ஒற்றை அறை. மரச்சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, உட்பக்கம் பர்ச் மர பிளைவுட். நாலு மீட்டர் நீள அறைக்கு ஆறு ஜன்னல்கள். நம் ஊர்க் குளியலறைகளில் இருப்பது போலக் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கி, கைப்பிடியைச் சுழற்றித் திறக்கிற லூவர் ஜன்னல்கள். 1950, 60-களில் இந்த வண்டிகளைச் செய்தவர்கள் காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரட்டும் என்றுதான் இத்தனை ஜன்னல் வைத்தார்கள். இன்று இவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்களோ எல்லா ஜன்னலையும் எதைக்கொண்டு அடைப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆறையும் ஏன் அடைக்க வேண்டும் என்பது என் கேள்வி.

பெரும்பாலோர் கை வைப்பது, இரண்டு பளபளப்பான படலங்களுக்கு நடுவே காற்றுக் குமிழ்கள் வைத்த வெள்ளி ஷீட்டில். சுருளாக விற்கிறார்கள், கத்தரிக்கோலால் வெட்டலாம், எடையே தெரியாது. ஜன்னல் சட்டத்தைவிட ஒரு நூல் பெரிதாக வெட்டி அழுத்தினால் ஆணியும் பசையும் இல்லாமல் தானாகப் பொருந்தி நிற்கும். அறுபது ஆண்டுப் பழைய பலகையில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல் வேலை முடிகிறது என்பது பெரிய நன்மை. மற்ற வழிகளில் அது கிடைப்பதில்லை. வெல்க்ரோவின் பசை வெயிலில் இளகி நகர்ந்து, பிய்க்கும்போது பழைய வார்னிஷையும் கொண்டுபோகும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பட்டன் வைத்தால் பட்டனுக்கு ஒரு துளை.

ஆனால் அந்த ஷீட்டே எங்களை முதல் இரவு தூங்கவிடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 75 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள ஜன்னலில் சுற்றிலும் அரை செ.மீ. இடைவெளி விட்டாலே சுமார் 115 சதுர செ.மீ. திறந்து கிடக்கிறது. உள்ளங்கை அளவு ஓட்டை. ஜன்னல் பரப்பில் நான்கு சதவீதம்கூட இல்லைதான். ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த நான்கு சதவீதமே பட்டப்பகல். போதாக்குறைக்கு லூவர் ஜன்னலின் கைப்பிடி உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வழிவிட ஷீட்டைக் கீற வேண்டும். எங்கள் ஜன்னலில் அந்தக் கீறல் வழியே வந்த வெளிச்சம், கத்தியை வைத்தது போல நேராகத் தலையணைமேல் விழுந்தது.

அடுத்த நாள் இன்னும் இறுக்கமாக அழுத்தி, ஓரங்களில் துணியைச் செருகினோம். இருட்டு கிடைத்தது. காலையில் ஷீட்டை எடுத்தபோது கண்ணாடிப் பட்டைகள் முழுக்க முத்துமுத்தாக நீர். கீழ்ச்சட்டத்தில் அது கோடாகத் தேங்கி, மூலையில் பிளைவுட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் விரல் நுனி அளவுக்கு ஏற்கெனவே ஒரு கறுப்பு. முன்பு வைத்திருந்தவர்களும் இதையே செய்திருப்பார்கள் போலும். அறைக்குள் இருக்கும் சூடு கண்ணாடியை எட்டாதபடி ஷீட் தடுக்கிறது. கண்ணாடி வெளிக்குளிருக்கு இணையாகக் குளிர்ந்துவிடுகிறது. எங்கோ ஒரு சந்து வழியே நுழைந்த மூச்சுக்காற்றின் ஈரம் அதில் படிகிறது. இந்த வண்டிகளின் எலும்பு மரம். தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது உளுத்துப்போகும். ஓர் இரவுக்கு வைத்து எடுக்கும் ஷீட்டால் பெரிய கேடில்லை. நிறுத்தி வைத்திருக்கும் மாதங்களில் அதை அப்படியே விட்டுவைப்பதுதான் வண்டியைக் கொல்கிறது.

வெப்பத்தைப் பற்றியும் இந்த ஷீட்டுக்கு அளவுக்கு மீறிய பெயர். அரிசோனா வெயிலில் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலை உட்பக்கத்திலிருந்து திருப்பி அனுப்புவதைவிட, வெளியே ஒரு பந்தல் துணியை இழுத்துக் கட்டிக் கண்ணாடியில் விழாமலே தடுப்பது பல மடங்கு நல்லது. கறுப்பு அட்டையைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல வைப்பது எல்லாவற்றிலும் மோசம். அது வெயிலை உறிஞ்சிக் கண்ணாடியை ஒரு பக்கம் சுட வைக்கும். விரிசல் விடவும் கூடும். 1966 முதல் 1968 வரை வந்த ஏர்ஸ்ட்ரீம் என்ற கேம்பர் வண்டிகளில் கார்னிங் நிறுவனத்தின் வளைந்த கண்ணாடிகள் இருக்கும். அவற்றுக்கு மாற்றுக் கிடைப்பது எவ்வளவு பாடு என்று அந்த வண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

இனி துணி. வெளிச்சம் புகாத லைனிங் என்று கடையில் கிடைப்பது, துணியின்மேல் நுரைப்பூச்சு ஏற்றியது. இரண்டு வெள்ளைப் பூச்சுக்கு நடுவே ஒரு கறுப்புப் பூச்சு. வெளியிலிருந்து வெள்ளையாகத் தெரியும், உள்ளே ஒளி வராது. ஐம்பதுகளின் பெரிய இலைகளும் கோலங்களும் அச்சிட்ட சொரசொரப்பான பருத்தித் திரைகளைத் தேடிப்பிடித்து மாட்டுபவர்களுக்கு இது இன்னொரு விதத்திலும் வரம். அந்தச் சாயத்தைத் தின்பது வெயில். லைனிங் அதைத் தாங்கிக்கொள்கிறது. குறைகளும் உண்டு. துணி கனக்கும், அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு உரியும். தையல்காரர்கூட மறந்துவிடுகிற ஒன்று, ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஒரு துளை. விடியற்காலையில் தையல் வரிசை நெடுக நட்சத்திரம் போலப் புள்ளிகள் தெரியும். அதனால் திரையையும் லைனிங்கையும் சேர்த்துத் தைக்காமல், இரண்டையும் மேல்விளிம்பில் மட்டும் பிடித்துத் தனித்தனியாகத் தொங்கவிட வேண்டும்.

திரை தொங்கும் விதத்தில் பழைய ஆட்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஏர்ஸ்ட்ரீமின் சுவர் மேலே போகப்போக உள்வாங்கி வளையும். அங்கே சாதாரணத் திரை சுவரைவிட்டு விலகித் தொங்கும், அடியில் வெளிச்சம் கொட்டும். அதனால் மேலும் கீழும் இரண்டு தண்டவாளம் வைத்து, திரையின் இரு விளிம்பையும் அவற்றில் ஓடவிட்டார்கள். புதுப்பிக்கிறேன் என்று கீழ்த் தண்டவாளத்தைக் கழற்றி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மற்ற வண்டிகளில் நம் வீட்டு ஜன்னல்களில் மாட்டும் ஸ்பிரிங் கம்பியே போதும். மேலே ஒன்று, கீழே ஒன்று. துணி சட்டத்தைத் தாண்டிச் சுவரில் நான்கு விரற்கடை பரவட்டும். கைப்பிடியையும் அது மூடிக்கொள்ளும், கீறல் வேண்டியதில்லை. காற்றும் ஓரளவு நடமாடும்.

அடுப்புக்கு மேலே உள்ள ஜன்னலில் இந்தத் துணியும் கூடாது, வெள்ளி ஷீட்டும் கூடாது. ஒன்று எரியும், மற்றது உருகும். அங்கே அலுமினியப் பட்டை பிளைண்ட் போதும். கூரையில் உள்ள காற்றுத் திறப்பைத் தலையணை வைத்து அடைக்கும் பழக்கமும் ஆபத்தானது. பழைய கேஸ் அடுப்பும் ஹீட்டரும் உள்ள அறையில் அது திறந்தே இருக்க வேண்டும். அவசரத்துக்கு வெளியேறும் ஜன்னலை எதனால் மறைத்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் அகற்ற முடிகிறதா என்று ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஃபேர்பேங்க்ஸ் கடையொன்றில் அந்த லைனிங் துணியில் ஐந்து மீட்டர் வாங்கினோம். படுக்கைக்கும் சமையல் மேடைக்கும் நடுவே, கூரையிலிருந்து தரைவரை, சுவருக்குச் சுவர் ஒரே திரை. மிச்சத் துணி படுக்கையோரத்து இரண்டு ஜன்னல்களுக்கு. மற்ற நான்கையும் கூரைத் திறப்பையும் தொடவே இல்லை. லூவர்களை விரற்கடை அளவு திறந்தே வைத்தோம். இரவு ஒன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து திரையை விலக்கியபோது, சமையல் மேடைமேல் இருந்த டம்ளரின் நிழல் பலகையில் மங்கலாக விழுந்திருந்தது. குடித்துவிட்டுத் திரைக்குள் திரும்பினேன். உள்ளே என் கை எனக்குத் தெரியவில்லை.