பச்சை உடம்புக்குப் பனியன் துணி

எந்த மருத்துவமனையின் பேறுகால வார்டுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான்: மார்பில் நடு ஜிப் வைத்த பூப்போட்ட காட்டன் நைட்டி, தோளில் ஒரு துண்டு. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவளின் சீருடை என்றே அதைச் சொல்லிவிடலாம். சில ஆண்டுகளாக அதற்குப் போட்டியாகப் பனியன் துணியில் தைத்த ஃபீடிங் கவுன் வந்திருக்கிறது. கடையில் வாங்குகிறவர்கள் ஒரு பக்கம். துணி எடுத்து மகளுக்கோ மருமகளுக்கோ தாங்களே தைத்துக் கொடுப்பவர்கள் இன்னொரு பக்கம். தைத்தவர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள். போட்டுக்கொண்டவர்களில் பலர் கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் பழைய நைட்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். துணியைத் தேர்ந்தெடுத்ததில் பிழையில்லை, கோளாறு வெட்டிலும் தையலிலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திறப்பிலும்தான் என்பது என் கட்சி.

முதலில் துணியின் பக்கம் உள்ள நியாயம். தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும், இழுத்தால் கொடுக்காது. பனியன் துணி நூல் கண்ணிகளால் ஆனது. இழுக்கும்போது நூல் நீள்வதில்லை, கண்ணி உருமாறி இடம் கொடுக்கிறது. பிள்ளை பெற்ற உடம்புக்கு இந்தக் குணம்தான் வேண்டும். பால் கட்டியிருக்கும்போது ஓர் அளவு, குழந்தை குடித்து முடித்ததும் வேறோர் அளவு என்று ஒரே நாளில் மார்பின் சுற்றளவு ஏறி இறங்குகிறது. வயிறு வாரத்துக்கு வாரம் வற்றுகிறது. நெய்த துணியில் அளவெடுத்துத் தைத்த சட்டை, தைத்த அன்று மட்டுமே அளவாக இருக்கும்.

இடுப்பு விஷயமும் இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சையால் நடந்தவை. அடிவயிற்றில் தையல் போட்ட பெண்ணுக்குச் சுடிதார் நாடாவும் பேன்ட் எலாஸ்டிக்கும் பாவாடைக் கயிறும் எங்கே உரசும் என்று விளக்க வேண்டியதில்லை. தோளிலிருந்து நேரே தொங்கும் உடைதான் அவளுக்கு ஆகும். நைட்டி இந்த ஊரில் நிலைத்ததற்கு இது பெரிய காரணம், அந்த வகையில் நைட்டியை நான் குறைசொல்லத் தயாரில்லை. பனியன் கவுன் இடுப்பை விட்டுவிடுவதோடு நிற்காமல், எழும்போதும் சாயும்போதும் உடம்போடு சேர்ந்து அசைகிறது. அந்த அளவில் ஒரு படி மேல்.

‘பனியன் துணியில் போய் வெளியுடையா?’ என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு தகவல். பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்கே ஆகும் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஜெர்சித் துணியில் (இதே பனியன் துணி வகைதான்), முதல் உலகப்போர்க் காலத்திலேயே பிரான்ஸில் கோகோ ஷனேல் பெண்களுக்கு வெளியுடை தைத்து விற்றார்.

இனி குறைகள். முதல் குறை எடை. 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணி 60 அங்குல அகலத்தில் மீட்டருக்கு ஏறக்குறைய 275 கிராம் நிற்கும். கணுக்கால் வரை நீளம், மார்பில் இரட்டை அடுக்கு என்று வெட்டினால் இரண்டரை மீட்டர் பிடிக்கும். கழிவு போனாலும் அரை கிலோவுக்குக் குறையாத உடை. மெல்லிய காட்டன் நைட்டி இதில் பாதிதான் இருக்கும். அந்த எடை முழுவதும் தோள் தையலில் தொங்குகிறது. துவைத்துக் கொடியில் போட்டால் ஈரத்தின் பாரத்தில் உடை இன்னும் கீழே இழுபடும். மழைக்காலத்தில் காயவும் காயாது. சென்னை வெயிலிலோ வியர்த்த உடம்பில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். நைட்டிக்குள் காற்று உலாவும், இதற்குள் உலாவாது. 220 ஜி.எஸ்.எம். துணியைத் ‘தரமானது’ என்று எடுத்து, மே மாதப் பிரசவத்துக்குக் கவுன் தைப்பது அன்பின் பேரால் செய்யும் கொடுமை. நம் தட்பவெப்பத்துக்கு 150, 160-க்கு மேல் போக வேண்டாம். நூறு சதவீதப் பருத்திதான் வேண்டும் என்று அடம் பிடிக்கவும் வேண்டாம். வெறும் பருத்தி இழுபட்ட இடத்தில் அப்படியே நின்றுவிடும். ஐந்து சதவீத லைக்ரா கலந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்பும்.

நிறத்திலும் யாரும் யோசிப்பதில்லை. அழகான வெளிர் சாம்பல் மெலாஞ்சை எடுத்துவிடுகிறார்கள். ஒரு சொட்டுப் பால் கசிந்தாலும் ஐந்து ரூபாய் நாணயம் போல் வட்டமாகக் காட்டிக்கொடுப்பது அதுதான். அடர்நிறமோ, நெருக்கமான பிரின்ட்டோ மேல்.

அடுத்தது தையல். இங்கேதான் வீட்டில் தைப்பவர்கள் சறுக்குகிறார்கள். நம் வீடுகளில் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் மிஷின். அரசு இலவசமாகத் தரும் தையல் இயந்திரங்களும் அந்த வகைதான். நேர்த்தையலில் நூலுக்கு நீட்சி கிடையாது. துணி நீளும்போது தையல் படீரென்று அறுந்துவிடும், அதுவும் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டும் நேரம் பார்த்து அக்குளில். சாதாரண ஊசி கண்ணியைக் குத்தி அறுத்துவிடுவதால் இரண்டு துவைப்பில் தையலோரம் சிறு சிறு ஓட்டைகள் விழும். பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தில் துணி இழுபட்டு ஓரம் அலை அலையாக எழும்பும். தெருமுனை டெய்லர் பனியன் துணியைக் கண்டதும் ‘இதெல்லாம் எங்க மிஷின்ல ஓடாதுக்கா’ என்று திருப்பித் தருவது சோம்பலால் அல்ல; அவர் அனுபவம் பேசுகிறது. திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் இதே துணி ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் ஓடுகிறது. அந்தத் தையல்கள் துணியோடு சேர்ந்து நீளக்கூடியவை.

அதற்காக வீட்டில் தைக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி, பாலியெஸ்டர் நூல், குறுகிய ஜிக்ஜாக் தையல் ஆகிய மூன்றும் இருந்தால் ஒப்பேற்றலாம். ஜிக்ஜாக் இல்லாத மிஷின் என்றால் வெட்டிய துண்டுகளை ஓவர்லாக் கடையில் கொடுத்துப் பக்கத்தையல்களை மட்டும் அடித்து வாங்கலாம். தோள் தையலில் மட்டும் நீட்சி கூடாது. அங்கே ஒரு பருத்தி நாடாவைச் சேர்த்து அடிக்காவிட்டால், எடை இழுத்து இழுத்துத் தோள் முழங்கையை நோக்கி இறங்கும். கழுத்தைச் சுருட்டி மடித்து அடிப்பதை விட, கழுத்தளவை விடக் கொஞ்சம் குறைவாக வெட்டிய ரிப் பட்டியை இழுத்துப் பொருத்துவது நல்லது. துணியை வெட்டுமுன் ஒருமுறை துவைத்துக் காயவைத்தே ஆக வேண்டும்; பருத்திப் பனியன் துணி முதல் துவைப்பில் சுருங்கும், நீளத்தில் அதிகமாகவே. இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டவர்கள் தைத்த கவுன்தான் முதல் வாரத்திலேயே கெண்டைக்கால் வரை ஏறிவிடுகிறது.

திறப்புக்கு வருகிறேன். பிறந்த குழந்தை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அத்தனை முறையும் ஒரு கையில் குழந்தை இருக்கும். ஆகவே ஒற்றைக் கையால், இருட்டில், அரைத் தூக்கத்தில் திறந்து மூட முடிகிறதா என்பதுதான் இந்த உடைக்கு நான் வைக்கும் முதல் சோதனை. நைட்டியின் பழக்கத்தில் பனியன் துணியிலும் ஜிப் வைக்கிறார்கள். இது தோற்கும். விறைப்பான காட்டனில் ஜிப்பை ஒரு கையால் இழுக்கலாம். பனியன் துணியில் இழுத்தால் ஜிப்போடு துணியும் கூடவே வரும். கீழே இன்னொரு கை பிடித்துக்கொண்டால்தான் நகரும். ஃபியூசிங் கொடுத்து விறைப்பாக்கினால் மார்பின் மேல் ஒரு பலகைத் துண்டு நிற்கும். குழந்தையின் கன்னம் படும் இடமும் ஜிப்பின் பல்வரிசைதான். நீளுவதற்கென்றே தேர்ந்தெடுத்த துணியின் நடுவே நீளாத ஒன்றைத் தைத்து வைப்பதில் எனக்குப் பொருள் விளங்கவில்லை. இருபுறமும் மறைவு ஜிப் வைக்கும் மாதிரி கடைகளில் நன்றாக விற்கிறது. பார்வைக்கு நறுவிசு. சோதனையில் அதுவும் தேறாது.

ஒன்றன்மேல் ஒன்று மடிந்து வரும் வி-கழுத்து இதைவிட எவ்வளவோ தேவலை. விரலால் விலக்கினால் போதும். ஆனால் குனிந்தால் வாய் பிளக்கும், நாளாக ஆகத் தொளதொளக்கும். ஓரத்தில் கால் அங்குல எலாஸ்டிக்கைச் சற்றே இழுத்து உள்ளே அடித்தால் சில மாதம் தாங்கும். என் ஓட்டு இரட்டை அடுக்குக்குத்தான். உள்ளடுக்கில் ஆண்கள் பனியனின் கைவெட்டைப் போல இருபுறமும் ஆழமாகச் சரித்து வெட்டிவிட வேண்டும். அதன்மேல் மார்புக்குக் கீழே இரண்டு அங்குலம் இறங்கும் தளர்வான மேலடுக்கு. தூக்கினால் திறப்பு, விட்டால் மூடல். பொத்தான் இல்லை, பல் இல்லை, சத்தம் இல்லை. கசிவையும் இரண்டு அடுக்குகள் உறிஞ்சிக்கொள்ளும். புழுக்கம் கூடுவது உண்மைதான். அதனால்தான் துணி மெல்லியதாக இருக்கட்டும் என்றேன்.

இந்த உடை யாருக்காகத் தைக்கப்படுகிறது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியூர் வடிவங்கள் பலவற்றில் ‘பால் கொடுப்பது தெரியவே தெரியாது’ என்பதே பெருமையாகச் சொல்லப்படுகிறது. பெண்ணின் உடை பிறர் கண்ணில் படுமே என்ற அச்சம் நம் பக்கத்திலும் குறைவில்லை. 2018-இல் ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டக் கிராமம் ஒன்றில், பகலில் நைட்டி அணிந்தால் அபராதம் என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டதே செய்தியானது. குழந்தையைப் பார்க்க வருகிற உறவுக்காரர்கள் முன் நைட்டியில் உட்காரக் கூசி, காய்ச்சலடிக்கிற உடம்போடு புடவை சுற்றிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறோம். பனியன் கவுனின் பெரிய லாபம் இங்கே இருக்கிறது: படுக்கையிலும் போடலாம், கூடத்துக்கும் வரலாம், தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தமிழ்நாடு அரசு 2015-இல் திறந்தது. அந்த அறை பூட்டிக் கிடக்கும் ஊரில் பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுக்கவும் இந்த உடை கைகொடுக்கும். ஆனால் மறைப்பதையே முதல் நோக்கமாக்கி அடுக்கின்மேல் அடுக்கு வைத்தால் தாய்க்கும் குழந்தைக்கும் வேர்த்து ஊற்றும்.

தாயின் உடை யார் நினைவுக்கும் வருவதில்லை. அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கென்று தமிழ்நாடு அரசு தந்த பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்குச் சட்டை, துண்டு, மெத்தை, கொசுவலை எல்லாம் இருந்தன. தாய்க்குச் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும். உடுத்த ஒன்றுமில்லை. வீடுகளிலும் இதே கதைதான்: பிறக்கப்போகும் குழந்தைக்குப் பத்துச் சட்டை சேர்ந்துவிடும், பெற்றவள் பழைய நைட்டியில் இருப்பாள்.

மொத்தத்தில் என் தீர்ப்பு கலப்பு உடைக்குச் சாதகமானது. மார்புக்குக் கீழ் வரை பனியன் துணியில் இரட்டை அடுக்கு. அதற்குக் கீழே கொசுவம் வைத்த மெல்லிய காட்டன். சேரும் இடத்தில் அகலம் குறைந்த எலாஸ்டிக் கொடுத்தால் நீட்சியும் கெடாது. எடை குறையும், காற்று வரும், தோள் தொங்காது. அளவை உடம்போடு ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலமாவது விடுங்கள். துணி நீளும் என்பதற்காக உடலளவை விடக் குறைத்து வெட்டும் வழக்கம் பச்சை உடம்புக்காரிக்கு வேண்டாம். ஒன்றைத் தைத்து, அவள் ஒரு வாரம் போட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு அடுத்ததை வெட்டுங்கள். ஜிப்பை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.